சித்தன்னவாசல்: தலைக்கு மேலே ஒரு தாமரைக்குளம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் 'அசல்' என்று சொன்னால் முதலில் வட்டிக்கணக்குதான் ஞாபகம் வரும். அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு. 'நகல் இல்லை, அசல்' என்கிற அர்த்தம் அதற்குப் பிறகுதான். இந்தக் கட்டுரை இரண்டாவது அசலைப் பற்றியது. ஆனால் எழுதுகிறவன் பி.காம். மாணவன் என்பதால் நடுநடுவே கணக்குப் பாடம் எட்டிப் பார்க்கும். நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஓவியத்தைப் பல வருஷமாகப் புத்தகத்தில் பார்த்து ரசித்தாகிவிட்டது. அச்சில் வண்ணம் பளிச்சென்று இருக்கிறது, கோடெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் எதற்கு பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, அசலைப் போய்ப் பார்க்க வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை அந்த ஓவியம் சித்தன்னவாசல் தாமரைக்குளம். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து பிடித்துப்போனது. தோளில் தாமரையைச் சாய்த்துக்கொண்டு, குளத்துக்குள் நிற்கிற அந்த இளைஞனின் படத்தை ஒரு பழைய காலண்டரிலிருந்து வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். தினமும் சட்டை எடுக்கும்போது அவன் முகத்தில்தான் விழிப்பேன். போன வருஷம் செமஸ்டர் முடிந்த கையோடு வகுப்புத் தோழர்கள் மூன்று பேருடன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே என்ன பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த மலையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதை தெரியாமல் போனால் அங்கே பார்க்க அதிகம் இல்லை. தெரிந்து போனால் ஒரு நாள் போதாது.

மலையின் கதை

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது. ஊரைச் சுற்றி வயலும் பொட்டலும். நடுவே நீளமாகப் படுத்திருக்கிற ஒரு மொட்டைப் பாறை மலை.

இந்த மலைக்கு மனிதர்கள் தேடி வர ஆரம்பித்து ஏறக்குறைய 2000 வருஷம் ஆகிறது. மலையின் மேல் 'ஏழடிப்பட்டம்' என்று ஓர் இயற்கைக் குகை உண்டு. அங்கே பாறையிலேயே வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கிற இடத்தில் தலையணை மாதிரி கொஞ்சம் உயர்த்தியும் விட்டிருக்கிறார்கள். சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடம். ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. மற்றவற்றில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதாவது, ஒரே மலைக்கு தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஓவியம் இருப்பது அங்கே இல்லை. மலையின் மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்து எடுத்த 'அறிவர் கோயில்' என்ற சின்னக் குகைக்கோயிலில் இருக்கிறது. உள்ளே கருவறை, அதற்கு முன்னால் ஒரு அர்த்தமண்டபம், அவ்வளவுதான். கருவறைச் சுவரில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள். அர்த்தமண்டபத்தின் தெற்குச் சுவரில் ஐந்து தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர். எதிரே வடக்குச் சுவரில் ஒரு ஆசாரியர். அவர் பக்கத்தில் 'திருவாசிரியன்' என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த அர்த்தமண்டபத்தின் விதானம் முழுக்கத்தான் தாமரைக்குளம்.

யார் வரைந்தது?

புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அதன் வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் வெளிவந்த தம் நூலில் இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டார். அடுத்த சில வருஷங்களில் தொல்லியல் அறிஞர் து.அ. கோபிநாத ராவ் அவற்றைப் பார்த்தார். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெய் 1920இல் இவை பல்லவ ஓவியங்கள் என்று எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தார்.

பல்லவர் என்றதும் எல்லோருக்கும் மகேந்திரவர்மன் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. அவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன், குகைக்கோயில்கள் குடைந்தவன், 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் வைத்துக்கொண்டவன், முதலில் சமணனாக இருந்து பிறகு சைவனானவன் என்று சொல்லப்படுபவன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால் 'மகேந்திரவர்மன் வரைவித்த சித்தன்னவாசல்' என்று புத்தகங்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தன.

ஆனால் அந்தக் குகைக்கு வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அது பல்லவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபத்தையும் எடுத்தார் என்கிறது. அவனிபசேகரன் என்பது ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் பட்டப்பெயர். ஆட்சிக்காலம் சுமார் கி.பி. 815 முதல் 862 வரை. 1940களின் தொடக்கத்தில் ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, கருவறைப் பக்கம் மேல்பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய ஓவிய அடுக்கும் தெரிந்தது. ஆக, கோயில் முன்பே இருந்தது. அதில் முன்பே ஓவியமும் இருந்தது. இன்று நாம் கொண்டாடுகிற தாமரைக்குளம் ஒன்பதாம் நூற்றாண்டுப் புதுப்பித்தலில் வந்தது என்பதுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாம் 'அசல்' என்று தேடிப் போகிற ஓவியமே ஒரு பழுதுபார்ப்பு வேலையில் பிறந்தது! கணக்குப் பாடத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு படிப்போம். புதிதாகக் கட்டினால் முதலினச் செலவு, இருப்பதைப் பழுதுபார்த்தால் வருவாயினச் செலவு. இளங்கௌதமன் இரண்டையும் ஒரே கல்வெட்டில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் பெரிய வேடிக்கை, அவர் புதிதாகக் கட்டிய முகமண்டபம் காலப்போக்கில் விழுந்துவிட்டது. இன்று முன்னால் தெரிகிற மண்டபம் இருபதாம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்கள் கொண்டுவந்து நிறுத்தியது. மிஞ்சி நிற்பதென்னவோ அவர் 'புதுப்பித்த' பகுதிதான்.

எப்படி வரைந்தார்கள்?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு ஆயனச் சிற்பியைத் தெரியும். அஜந்தாவின் அழியாத வர்ண ரகசியத்தைத் தெரிந்துகொள்ளத் தவித்துக்கொண்டே இருப்பார். அந்த நாவலைப் படித்ததிலிருந்து பழைய ஓவியம் என்றாலே ஏதோ ரகசிய மூலிகை இருக்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு.

சித்தன்னவாசலில் ரகசியம் ஏதும் இல்லை என்று 1930களிலேயே ஒருவர் சோதித்துச் சொல்லிவிட்டார். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன்தான் அவர். பாறையின் மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த கரடான பூச்சு. அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் வண்ணம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. கறுப்புக்குக் கரி. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண். பச்சைக்குப் பச்சை மண். நீலத்துக்கு மட்டும் வெகுதூரத்துக் கல்லான வைடூரிய நீலம் என்கிறார்கள்.

ஐரோப்பியச் சுவரோவியங்களில் பலவற்றைச் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வரைவார்கள். வண்ணம் பூச்சுக்குள் இறங்கி அதோடு சேர்ந்து இறுகிவிடும். சித்தன்னவாசலில் பூச்சு காய்ந்த பிறகு வரைந்திருக்கிறார்கள். அதனால் வண்ணம் பெரும்பாலும் மேலாகவே உட்கார்ந்திருக்கும். நிதானமாக, நுணுக்கமாக வரைய இந்த முறை வசதி. ஆனால் தேய்த்தால் போய்விடும். பூச்சு உப்பி விழுந்தால் கூடவே ஓவியமும் விழும்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நம் பழைய வீடுகளின் சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பல அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர். நூறு வருஷம் கழித்தும் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆனால் கூரையில் ஒரு ஓடு நகர்ந்து மழைத்தண்ணீர் இறங்க ஆரம்பித்தால்? நாலே மழைக்காலத்தில் அதே சுவர் உப்பிப் பொருக்குப் பொருக்காக விழும். சுண்ணாம்பு யாராவது கவனித்துக்கொண்டே இருந்தால் நூற்றாண்டுக்கணக்கில் வாழும். கவனிப்பு நின்றால் சீக்கிரமே போய்விடும்.

குகைக்குள்

நாங்கள் காரைக்குடி, திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போய், அங்கிருந்து அன்னவாசல் பஸ் ஏறினோம். காலையில் ஏழடிப்பட்டம் ஏறிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் குகைக்கோயிலுக்குள் நுழைந்தோம்.

நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. ஆங்காங்கே மங்கிய பச்சை. என் பீரோக் கதவில் இருக்கும் பளபளப்பான குளம் எங்கே? கூட வந்தவன் பக்கத்தில் நின்று, "ஏன்டா, இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்த?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "அவசரப்படாதீங்க தம்பி. வெயில்ல இருந்து வந்திருக்கீங்க. செத்த நேரம் நில்லுங்க, கண்ணு பழகட்டும்" என்றார்.

நின்றோம். முதலில் தெரிந்தது இலைகள். வட்ட வட்டமாக, விளிம்பு மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற தாமரை இலைகள். அப்புறம் மொட்டுகள். அப்புறம் விரிந்த பூக்கள். ஒவ்வொரு இதழிலும் மெல்லிய நரம்புக் கோடுகள். அந்தக் கோடுகளை என் காலண்டர் படத்தில் நான் பார்த்ததே இல்லை. அச்சில் அவை சிவப்புத் திட்டாகக் கலந்துவிட்டிருந்தன. பிறகு ஒரு அன்னம். தண்ணீருக்குள் யானை, எருமை. 'இதைப் பாக்கவா' என்று கேட்ட நண்பன்தான் திடீரென்று, "டேய், மீன்டா! அந்த இலைக்குக் கீழ பாரு!" என்று கத்தினான். அதற்குப் பிறகு எங்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. யார் எதை முதலில் கண்டுபிடிப்பது என்று.

கடைசியாக அந்த மனிதர்கள். மொத்தம் மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். இரண்டு பேர் அருகருகே, ஒருவன் தனியாக. என் பீரோவில் இருந்தவன் அவன்தான். இத்தனை வருஷம் அவனைச் செவ்வகச் சட்டத்துக்குள் தனியாக நிற்கிறவனாகவே பார்த்திருக்கிறேன். இங்கே அவனைச் சுற்றி விதானம் முழுக்கக் குளம். அவன் அதில் ஒரு சின்ன ஆள்.

விதானத்தின் உயரம் எட்டடிச் சொச்சம்தான். கொஞ்சம் உயரமான ஆள் கையை நீட்டி எம்பினால் எட்டிவிடும் போல இருக்கும். படத்தில் குளம் நமக்கு எதிரே இருக்கிறது, நாம் கரையில் நின்று பார்க்கிறோம். இங்கே குளம் தலைக்கு மேலே. மீன்கள் நம் தலைக்கு மேலே நீந்துகின்றன. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் நாமே அதன் அடியில் நிற்பதுபோல ஆகிவிடுகிறது. ரோமில் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை மைக்கேலேஞ்சலோ வரைந்து முடித்தது 1512இல். அதற்கு அறுநூறு வருஷத்துக்கும் முன்னால் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இந்தத் தாழ்ந்த பாறைக்கடியில் அண்ணாந்துகொண்டே இலை இலையாக வரைந்திருக்கிறார்.

குளத்துக்கு ஒரு பொருளும் உண்டு. தீர்த்தங்கரர் ஞானம் பெற்றதும் அவர் உபதேசம் கேட்பதற்காகத் தேவர்கள் 'சமவசரணம்' என்ற மண்டபத்தை அமைப்பதாகச் சமணம் சொல்கிறது. அதை நோக்கிப் போகிறவர்கள் பல வட்டங்களைக் கடக்க வேண்டும். அதில் ஒன்று நீர் நிறைந்த அகழி. அங்கே பக்தர்கள் இறங்கிப் பூப்பறித்துக்கொண்டு மேலே போவார்கள். சித்தன்னவாசல் குளம் அந்தக் காட்சிதான் என்பது பலரும் ஏற்ற விளக்கம். அந்த இளைஞன் பொழுதுபோக்கப் பூப்பறிக்கவில்லை, உபதேசம் கேட்கப் போகிற வழியில் நிற்கிறான். காலையில் பார்த்த அந்த 17 கல்படுக்கைகள் அப்போது ஞாபகம் வந்தன. ஒரு பாய்கூட வைத்துக்கொள்ளாமல் வெறும் பாறையில் படுத்தவர்களின் மலை. அங்கே இத்தனை பூ, இத்தனை மீன்!

போனதும் இருப்பதும்

சந்தோஷமாக மட்டும் முடிக்க முடியாது. இரண்டு தூண்களிலும் புகழ்பெற்ற நடன மங்கையரும், ஒரு தூணில் அரசன் அரசி உருவமும் உண்டு. புத்தகத்துக் கோட்டோவியத்தில் அந்த நடன மாதின் கை எவ்வளவு நளினம்! நேரில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கை, இடுப்பின் வளைவு, தலை அலங்காரத்தில் கொஞ்சம். மற்றதை நாமாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். விதானத்திலும் பெரிய பெரிய பகுதிகள் உதிர்ந்து வெறும் பூச்சாகவோ பாறையாகவோ நிற்கின்றன.

இதில் மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் தாங்கிய ஓவியம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வேகமாகத் தேய்ந்தது. காவலும் பராமரிப்பும் சரியாக இல்லாத காலத்தில் வந்து போனவர்களின் கைகளே நிறையச் சேதம் செய்துவிட்டன. இப்போது கம்பிக்கதவும் காவலும் இருக்கின்றன. கணக்கில் தேய்மானம் என்று ஒன்றை வருஷாவருஷம் எழுதுவோம். அங்கே எந்திரம் தேய்ந்தால் வேறு வாங்கலாம். இங்கே வாங்குவதற்குக் கடையே கிடையாது.

அப்படியானால் நகல்கள் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து வீடுகளில் முகப்பிலும் வளவிலும் மாட்டியிருக்கிற ரவிவர்மா படங்களில் பெரும்பாலானவை அச்சுப்படங்கள்தான். 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனையை விட்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். காலண்டர் படம் இல்லாவிட்டால் நானும் சித்தன்னவாசல் போயிருக்கவே மாட்டேன். உதிர்ந்துபோன பகுதிகள் எப்படி இருந்தன என்பதைக்கூட இன்று பழைய பிரதிகளை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. நகல் நமக்கு அந்த ஓவியத்தை அறிமுகம் செய்கிறது. ஆனால் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அசல் மட்டும்தான் சொல்லும். பீரோக் கதவில் இருக்கிற இளைஞனுக்கு வயதே ஆகாது. குகைக்குள் இருக்கிறவனுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் இளங்கௌதமனை நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் வந்து பார்த்தபோதும் அந்தக் கோயில் பழசாகி, பூச்சு விழுந்து, இப்படித்தான் நின்றிருக்கும். 'பழசு போனால் போகட்டும்' என்று அவர் நினைத்திருந்தால் நமக்குத் தாமரைக்குளமே இல்லை. அவர் தன்னைக் கோயில் கட்டியவன் என்று கல்லில் எழுதிக்கொள்ளவில்லை. புதுப்பித்தவன் என்றுதான் எழுதினார். கட்டியவர் பெயர் தெரியாத கோயிலில், பழுதுபார்த்தவர் பெயர் நிற்கிறது.

இது சித்தன்னவாசலுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். இடித்த வீடுகளின் தேக்குத் தூணும், கதவு நிலையும், சாமி படங்களும் விலை சொல்லி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பங்காளிகள் பத்து ஊரில் இருக்கிறார்கள், பராமரிக்க ஆள் இல்லை, வேறு வழி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஓடு நகர்ந்த முதல் மழையிலேயே ஒருவர் ஏறி அதைச் சரி செய்திருந்தால் அந்தச் சுவர் இன்னொரு நூறு வருஷம் நின்றிருக்கும். நம் தெருவிலேயே அப்படி ஓடு நகர்ந்த வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனசு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே கிளம்பி வெயிலுக்கு முன் ஏழடிப்பட்டம் ஏறிவிடுங்கள். குகைக்கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகலில் போனால் வெளிச்சம் நன்றாக உள்ளே வரும். கையில் தண்ணீர் பாட்டில் அவசியம். கருவறைக்குள் நின்று மெதுவாக 'ம்...' என்று ஒலி எழுப்பினால் அறை முழுக்க ரீங்காரம் கேட்கும், அதையும் தவறவிடாதீர்கள். சுவரையும் தூணையும் தயவுசெய்து தொடாதீர்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லையே என்று வெளியே வந்துவிடாமல், ஒரு பத்து நிமிஷம் அண்ணாந்து நில்லுங்கள். மீன் எத்தனை தெரிந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். நாங்கள் நாலு பேர் எண்ணியதில் நாலு கணக்கு வந்தது. இன்னும் டேலி ஆகவில்லை!